89 பேரால் பறிபோன ஓர் ஆசனம்: நியூயோர்க் தேர்தல் புலம்பெயர்ந்தோர்க்கு உணர்த்துவது

2021 ஆம் ஆண்டு ஏப்ரல் 26 ஆம் நாள் அமெரிக்கக் குடிசன மதிப்புப் பணியகம் ஒரு சிறிய எண்ணை வெளியிட்டது. நியூயோர்க் மாநிலத்தில் இன்னும் 89 பேர் கூடுதலாகக் கணக்கில் வந்திருந்தால், வாஷிங்டனிலுள்ள பிரதிநிதிகள் சபையில் அம்மாநிலம் தனது 27 ஆசனங்களையும் தக்கவைத்திருக்கும் என்பதே அச்செய்தி. மாநிலத்தின் மக்கள்தொகையோ இரண்டு கோடியைத் தாண்டியது. குயின்ஸ் பகுதியின் அடுக்குமாடி வீடொன்றில் குடியிருப்போரை எண்ணினாலே 89 பேருக்கு மேல் வரும். அந்தச் சிறு தொகை குறைந்ததால் நியூயோர்க்கின் ஆசனங்கள் 26 ஆகின.

அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் மொத்த ஆசனங்கள் 435. இவ்வெண் நூறாண்டுகளுக்கு மேலாகப் பெரிதும் மாறாமல் நிற்கின்றது. பத்தாண்டுகளுக்கு ஒருமுறை எடுக்கப்படும் குடிசன மதிப்பின்படி ஒவ்வொரு மாநிலத்துக்கும் முதலில் ஓர் ஆசனம் அளிக்கப்பட்டு, எஞ்சிய 385 ஆசனங்களும் ஒரு கணித முறையின்படி வரிசையாகப் பங்கிடப்படுகின்றன. 2020 ஆம் ஆண்டுக் கணக்கில் 435 ஆவது ஆசனம், அதாவது கடைசி ஆசனம், மின்னசோட்டாவுக்குக் கிடைத்தது. வரிசையில் அடுத்து நின்றது நியூயோர்க். பந்தியின் கடைசி இலை முன்னால் நின்றவருக்குப் போக, அடுத்தவர் வெறுங்கையோடு திரும்பிய கதைதான். கலிபோர்னியா, இல்லினோய், மிச்சிகன், ஓகாயோ, பென்சில்வேனியா, மேற்கு வேர்ஜீனியா ஆகிய மாநிலங்களும் தலா ஓர் ஆசனத்தை இழந்தன. ஆயினும் இத்தனை சிறிய இடைவெளியில் இழந்தது நியூயோர்க் மட்டுமே.

இவ்வீழ்ச்சி புதிதன்று. 1930களில் 45 ஆசனங்களுடன் அமெரிக்க அரசியலின் முதுகெலும்பாக விளங்கிய மாநிலம் அது. 1980 ஆம் ஆண்டுக் கணக்கின்பின் 39 இலிருந்து 34 ஆகவும், அடுத்தடுத்த கணக்குகளில் 31, 29, 27 ஆகவும் அது தேய்ந்து வந்தது. மக்கள்தொகை குறைந்ததால் இது நேரவில்லை. 2010 க்கும் 2020 க்கும் இடையில் நியூயோர்க்கின் மக்கள்தொகை நூற்றுக்கு நான்கு வீதத்துக்கு மேல் கூடியே இருந்தது. டெக்சாசும் புளோரிடாவும் அதனினும் விரைவாக வளர்ந்தன. ஆசனப் பங்கீட்டில் வளர்வது மட்டும் போதாது. மற்றவரோடு ஒப்பிட்டும் வளர வேண்டும்.

89 என்ற எண்ணைக் காட்டி, படிவத்தை நிரப்பாத மக்களைக் குறைகூறுவது எளிது. அப்போது பலரும் அதையே செய்தனர். ஆனால் நடந்தவற்றை நிதானமாக நோக்கினால் பழியை ஓரிடத்தில் மட்டும் இறக்கிவைக்க இயலாது. கணக்கெடுப்பின் அடிப்படை நாளான 2020 ஏப்ரல் 1 அன்று நியூயோர்க் நகரம் கொரோனாப் பெருந்தொற்றின் உச்சத்தில் தவித்துக்கொண்டிருந்தது. அதற்கு முந்திய ஆண்டுகளில், படிவத்தில் குடியுரிமை பற்றிய கேள்வியைச் சேர்க்க அன்றைய டிரம்ப் அரசு முயன்றது. 2019 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதனைத் தடுத்துவிட்டபோதும், வதந்தி விதைத்த அச்சம் தீர்ப்போடு அகன்றுவிடவில்லை. வீடுவீடாகச் சென்று எண்ணும் பணி ஒக்டோபர் 15 ஆம் நாளோடு நிறுத்தப்பட்டது. நியூயோர்க் மாநில அரசு இப்பணிக்கென ஒதுக்கிய 2 கோடி டொலர் உள்ளூர் அமைப்புகளின் கைக்கு உரிய காலத்தில் வந்துசேரவில்லை என்ற குறையும் எழுந்தது. மறுபுறத்தில், கலிபோர்னியா 18 கோடி 70 இலட்சம் டொலர் செலவிட ஒதுக்கியும் ஓர் ஆசனத்தை இழந்தது என்பதையும் மறைத்தலாகாது.

இன்னுமொரு முரண் உண்டு. 2022 மே மாதத்தில் அதே பணியகம் தனது கணக்கைத் தானே சரிபார்த்து வெளியிட்ட ஆய்வில், நியூயோர்க்கில் மக்கள் குறைவாக அன்றி நூற்றுக்கு 3.44 வீதம் கூடுதலாகவே எண்ணப்பட்டனர் என்று தெரியவந்தது. மின்னசோட்டாவிலும் அவ்வாறே. குறைவாக எண்ணப்பட்ட மாநிலங்களுள் டெக்சாசும் புளோரிடாவும் அடங்கும். ஆசனப் பங்கீடு அதனால் மாற்றப்படவில்லை. மாற்றச் சட்டத்தில் வழியும் இல்லை. அதே ஆய்வு, நாடு முழுவதிலும் கறுப்பின மக்கள் நூற்றுக்கு 3.30 வீதமும், இஸ்பானிய மரபினர் 4.99 வீதமும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் 2.79 வீதமும் குறைவாக எண்ணப்பட்டதாகக் கூறியது. வாடகை வீடுகளில் வாழ்வோரும் குறைவாகவே எண்ணப்பட்டனர். ஆக, மாநிலத்தின் மொத்தத் தொகை கூடியிருந்தபோதும், அதனுள் யார் விடுபட்டனர், யார் இருமுறை எண்ணப்பட்டனர் என்பதே உண்மையான கேள்வியாக எஞ்சுகின்றது. ஆசனம் ஒன்று போனாலும் வந்தாலும், தொகுதி எல்லையும் பாடசாலை நிதியும் மருத்துவமனை நிதியும் உள்ளூர் எண்களையே பின்பற்றுகின்றன.

ஆசனம் போன கதை இவ்வளவுதான். எல்லைக்கோட்டின் கதை அதனினும் கசப்பானது.

27 தொகுதிகளை 26 ஆக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் 7 இலட்சத்து 76 ஆயிரத்துச் சொச்சம் மக்கள் இருக்க வேண்டும். யாருடைய தொகுதியை அழிப்பது? 2014 ஆம் ஆண்டு நியூயோர்க் மக்கள் வாக்களித்து ஏற்ற அரசியலமைப்புத் திருத்தம், இப்பணியைப் பத்துப் பேர் கொண்ட ஆணைக்குழுவிடம் ஒப்படைத்திருந்தது. இரு கட்சியினரும் சரிபாதியாக அமர்ந்த அக்குழு, எதிர்பார்த்தவாறே இரண்டாகப் பிளந்து 2022 ஜனவரியில் இருவேறு வரைபடங்களை நீட்டியது. அதையே சாக்காகக் கொண்டு, சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் பெரும் பெரும்பான்மை வைத்திருந்த சனநாயகக் கட்சியினர் தாமே ஒரு வரைபடம் தீட்டினர். 26 தொகுதிகளில் 22 இல் தம் கட்சிக்கே வாய்ப்பு அமையும்படி கோடுகள் நெளிந்தன. பெப்ரவரியில் ஆளுநர் கதி ஹோக்குல் அதில் ஒப்பமிட்டார்.

அந்நெளிவின் ஒரு முனை இலங்கையர் நன்கறிந்த இடத்தைத் தொட்டது. இலங்கையிலிருந்து வந்தோர் செறிந்து வாழும் ஸ்டேட்டன் ஐலண்ட், குடியரசுக் கட்சியின் கோட்டையாக இருந்த 11 ஆவது தொகுதிக்குள் அடங்குவது. அத்தீவை, நீரிணைக்கு அப்பாலுள்ள புரூக்ளினின் இடதுசாரிச் சார்புள்ள பார்க் ஸ்லோப் வரையில் இழுத்துச்சென்று இணைத்தது புதிய வரைபடம். அத்தீவில் வாழ்வோரின் தேவை என்ன, அவர்கள் யாரோடு சேர்ந்திருக்க விரும்புகின்றனர் என்பதற்கும் அக்கோட்டுக்கும் தொடர்பில்லை.

2022 ஏப்ரல் 27 ஆம் நாள், மாநிலத்தின் அதியுயர் மன்றமான மேன்முறையீட்டு நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் அவ்வரைபடத்தைக் கிழித்தெறிந்தது. ஆணைக்குழுவின் வழிமுறையை மீறியதும், ஒரு கட்சிக்குச் சாதகமாக எல்லை வகுத்ததும் அரசியலமைப்புக்கு முரண் என்பதே தீர்ப்பின் சாரம். புதிய வரைபடம் தீட்டும் பொறுப்பு பென்சில்வேனியாவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜொனதன் செர்வாஸ் என்ற ஆய்வாளரிடம் சென்றது. சில வாரங்களுக்குள், மே மாதத்தின் ஒரு நள்ளிரவில், மாநிலத்தின் 26 தொகுதிகளும் புது வடிவெடுத்தன. ஜூன் 28 இல் நடக்கவிருந்த கட்சி முதனிலைத் தேர்தல் கொங்கிரஸ் ஆசனங்களுக்கும் மாநிலச் செனட் ஆசனங்களுக்கும் ஓகஸ்ட் 23 க்குத் தள்ளிப்போனது. ஒரே கோடையில் இரண்டு முதனிலைத் தேர்தல்கள். எதில் யாருக்கு வாக்களிப்பது என்று வாக்காளர் குழம்பிநின்றனர்.

அதன்பின் நடந்தவை அரசியல் மாணவர் படிக்கவேண்டிய பாடம். மன்ஹாட்டனின் கிழக்கையும் மேற்கையும் தனித்தனியே முப்பதாண்டுகள் ஆண்ட கரோலின் மலோனியும் ஜெரால்ட் நட்லரும் ஒரே 12 ஆவது தொகுதிக்குள் அடைபட்டனர். இருவரும் 1992 இல் ஒன்றாகத் தெரிவானவர்கள். இருவரும் சபையின் பெருங்குழுக்களுக்குத் தலைவர்கள். நட்லர் வென்றார், மலோனியின் நீண்ட பயணம் முடிவுற்றது. இந்திய வம்சாவளி இளைஞரான சுராஜ் பட்டேல் அப்போட்டியில் மூன்றாமிடம் பெற்றார்.

ஹட்சன் ஆற்றங்கரையில் நடந்தது இன்னும் வேடிக்கை. நாடு முழுவதும் சனநாயகக் கட்சியின் பிரதிநிதிகள் சபைத் தேர்தல் பணிகளை நடத்தும் பொறுப்பில் இருந்தவர் சோன் பட்ரிக் மலோனி. வரைவு வெளியான அன்றே, தம் வீடு அமைந்த 17 ஆவது தொகுதியில் போட்டியிடப் போவதாக அறிவித்தார். அத்தொகுதியின் பெரும்பகுதியை ஏற்கெனவே பிரதிநிதித்துவம் செய்தவர் தம் கட்சியைச் சேர்ந்த கறுப்பின இளையவர் மொண்டேர் ஜோன்ஸ் என்பதை அவர் பொருட்படுத்தவில்லை. ஜோன்ஸ் இடம்பெயர்ந்து, மன்ஹாட்டனின் தென்முனையும் புரூக்ளினும் சேர்ந்த 10 ஆவது தொகுதிக்குச் சென்று தோற்றார். நவம்பரில் மலோனியும் குடியரசுக் கட்சியின் மைக் லோலரிடம் இரண்டாயிரத்துக்கும் குறைவான வாக்குகளால் தோற்றார். பிறர் இடத்தைப் பிடித்தவர் தம் இடத்தையும் இழந்தார்.

10 ஆவது தொகுதியின் முதனிலைத் தேர்தலை இளையோர் சற்று உற்றுநோக்குவது நன்று. ஏழே முக்கால் இலட்சம் மக்கள் வாழும் தொகுதி அது. விடுமுறைக் காலமான ஓகஸ்டில் வாக்களிக்க வந்தோர் மிகச் சிலர். பல வேட்பாளரிடையே வாக்குகள் சிதற, 19 ஆயிரத்துக்கும் குறைவான வாக்குகளைப் பெற்று டான் கோல்ட்மன் வென்றார். இரண்டாமிடம் வந்த தாய்வான் வம்சாவளிப் பெண்ணான யூ-லின் நியூவுக்கும் அவருக்கும் இடையிலான வேறுபாடு ஏறக்குறைய 1,300 வாக்குகள். சனநாயகக் கட்சியின் கோட்டை என்பதால் நவம்பர்த் தேர்தல் வெறும் சடங்கு. ஆக, ஒரு தமிழ்ப் பாடசாலையின் ஆண்டுவிழாவுக்குத் திரளும் மக்களை ஒத்த தொகையினர் கொங்கிரஸ் உறுப்பினர் யார் என்பதைத் தீர்மானித்தனர்.

நியூயோர்க்கில் முதனிலைத் தேர்தல் மூடிய தேர்தல். கட்சியில் பதிவுசெய்தவருக்கே வாக்கு. குடியுரிமை பெற்றதும் வாக்காளராகப் பதியும் தமிழர் பலர், 'எக்கட்சியும் வேண்டாம்' என்ற கட்டத்தில் குறியிட்டுவிட்டுத் தாம் நடுநிலை காத்ததாக மகிழ்கின்றனர். ஊரில் கட்சிகளால் பட்ட வடுக்கள் அப்படி. ஆனால் அவர்கள் வாழும் பல தொகுதிகளில் முடிவு நவம்பருக்கு முன்பே எழுதப்பட்டுவிடுவதால், நடுநிலை என்பது நடைமுறையில் வாக்கின்மையாகிவிடுகின்றது.

நவம்பர் முடிவுகள் வந்தபோது, 19 க்கு 8 என இருந்த கணக்கு 15 க்கு 11 என மாறியிருந்தது. லோங் ஐலண்டின் நான்கு ஆசனங்களும் குடியரசுக் கட்சியின் வசமாகின. இழந்தது ஓர் ஆசனம். சனநாயகக் கட்சிக்குக் குறைந்ததோ நான்கு. நாட்டளவில் 222 க்கு 213 என்ற குறுகிய வேறுபாட்டில் பிரதிநிதிகள் சபை கைமாறியதற்கு நியூயோர்க்கும் ஒரு முக்கிய காரணமாயிற்று. வரைபடத்தை மட்டும் இதற்குக் காரணமாகச் சொல்வது நேர்மையாகாது. ஆளுநர் தேர்தலில் குற்றச்செயல்களை முன்னிறுத்திப் பரப்புரை செய்த லீ செல்டின் தோற்றபோதிலும், அவர் எழுப்பிய அலை புறநகர்களில் அவரது கட்சியினர் பலரைக் கரைசேர்த்தது. எனினும் 22 ஐ விழுங்க வாய் திறந்தவர்கள் 15 உடன் எழுந்ததில் பேராசையின் பங்கு சிறிதன்று. இல்லினோயில் அதே கட்சியினர் அதே வேலையைச் செய்து, 13 க்கு 5 என்றிருந்ததை 14 க்கு 3 ஆக்கிக்கொண்டனர். அங்கே நீதிமன்றம் குறுக்கிடவில்லை. தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்து 2016 முதல் அம்மாநிலத்திலிருந்து தெரிவான ராஜா கிருஷ்ணமூர்த்தியும் அவ்வரைபடத்தில் பாதுகாப்பாகவே வென்றார். தமக்கு வேண்டியவர் வென்றார் என்பதற்காக அவ்வரைபடத்தை நியாயமென்று கூறுவோர், டெக்சாசில் எதிர்க்கட்சி வரையும் கோடுகளைக் கண்டிக்கும் தகுதியை இழக்கின்றனர்.

கிழக்குக் குயின்சையும் லோங் ஐலண்டின் வடகரையையும் சேர்த்த 3 ஆவது தொகுதியில் அவ்வாண்டு வென்றவர் ஜோர்ஜ் சண்டோஸ். படிப்பு, தொழில் என்று அவர் சொன்ன வாழ்க்கை வரலாற்றின் பெரும்பகுதி புனைவு என்பது தேர்தல் முடிந்தபின்னரே நாடறிந்த செய்தியாயிற்று. 2023 டிசம்பர் 1 ஆம் நாள் 311 க்கு 114 என்ற வாக்குகளால் சபை அவரை வெளியேற்றியது. தென்னாசியக் குடும்பங்கள் பெருமளவில் வாழும் அத்தொகுதி, 2024 பெப்ரவரி 13 இல் டொம் சுவாசி இடைத்தேர்தலில் வெல்லும்வரை பிரதிநிதியின்றிக் கிடந்தது. இதற்கிடையில் எல்லைகள் மீண்டும் நீதிமன்றம் ஏறி, 2024 பெப்ரவரியில் சிறு திருத்தங்களோடு புதிய வரைபடம் சட்டமாகி, அவ்வாண்டு நவம்பரில் கணக்கு 19 க்கு 7 எனத் திரும்பியது.

செர்வாசின் முதல் வரைவு வந்தபோது, புரூக்ளினின் பெட்ஃபோர்ட்-ஸ்டைவசண்ட் பகுதி பிளக்கப்படுவதைக் கண்ட கறுப்பின மக்கள் உடனே குரலெழுப்பினர். இறுதி வரைபடம் அதற்குச் செவிசாய்த்தது. அவர்களிடம் அரை நூற்றாண்டுப் பயிற்சி இருந்தது. மாறாக, குயின்சின் ரிச்மண்ட் ஹில் பகுதி 2012 ஆம் ஆண்டு வரைபடத்தில் ஏழு மாநிலச் சட்டமன்றத் தொகுதிகளாகச் சிதறுண்டது. பஞ்சாபியரும் கயானாவிலிருந்து வந்த இந்திய வம்சாவளியினரும் அங்கு வாழ்கின்றனர். அக்கயானியருள் ஒரு சாரார் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்ட தமிழரின் வழித்தோன்றல்கள், இன்றும் மாரியம்மனை வழிபடுவோர். ஏழு பிரதிநிதிகளில் எவருக்கும் அவர்கள் இன்றியமையாத வாக்காளராக இருக்கவில்லை. தமிழ் அமைப்புகள் வேட்பாளர்களுக்கு நிதிதிரட்டும் விருந்துகளை நடத்துகின்றன, பொன்னாடை போர்த்துகின்றன, படம் எடுத்துக்கொள்கின்றன. எல்லை வகுக்கும் ஆணைக்குழுவின் பொது அமர்வில் மூன்று நிமிடம் பேசுவதற்குச் செலவு ஏதுமில்லை. அங்குதான் தமிழரின் நாற்காலி வெறுமையாக இருக்கின்றது.

ஆசன இழப்பு தமிழருக்குப் புதிய அனுபவமன்று. மக்கள்தொகைப் பெருக்கத்தைக் கட்டுப்படுத்திய தமிழ்நாடு, 1967 ஆம் ஆண்டுத் தேர்தலில் நாடாளுமன்ற ஆசனங்கள் 41 இலிருந்து 39 ஆகக் குறைந்ததைக் கண்டது. 1976 இலும் 2001 இலும் வந்த அரசியலமைப்புத் திருத்தங்கள் மேலும் இழப்பு நேராமல் தடுத்தன. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் கதை இன்னும் நெருக்கமானது. 2010 இல் ஒன்பது உறுப்பினரைத் தெரிவுசெய்த அம்மாவட்டம் 2015 இல் ஏழு பேரையும், 2024 இல் ஆறு பேரையும் மட்டுமே தெரிவுசெய்தது. இலங்கையில் ஆசனப் பங்கீடு பதிவுசெய்த வாக்காளர் தொகையைப் பின்பற்றுவது. போரில் மாண்டோர் போக, ஊரைவிட்டுப் பெயர்ந்து இன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் நியூயோர்க்கிலும் வாழ்வோரின் பெயர்கள் பட்டியலிலிருந்து நீங்கியதும் அத்தேய்வின் ஒரு பகுதி. தாயகத்தில் அவர்களின் இன்மை கணக்கிடப்பட்டாயிற்று. வந்து சேர்ந்த நாட்டிலும் அவர்கள் எண்ணப்படாது போவார்களாயின், இரு நாடுகளின் ஏடுகளிலும் அவர்கள் இல்லாதவர்களே.

அமெரிக்காவில் வாக்காளரை மட்டுமன்றி, வாழும் ஒவ்வொருவரையும் எண்ணவேண்டும் என்பது அரசியலமைப்பின் 14 ஆவது திருத்தம். பச்சை அட்டை பெற்றவர், தொழில் விசாவில் வந்த பொறியியலாளர், மாணவர், புகலிடக் கோரிக்கை முடிவுக்குக் காத்திருப்பவர் எல்லோரும் அதில் அடங்குவர். தனிநபர் விடைகள் 72 ஆண்டுகள் மறைவாகக் காக்கப்படுகின்றன. இருப்பினும் தமிழ் வீடுகளில் நடப்பது வேறு. வீட்டுக்காரர் தம் குடும்பத்து நால்வரின் பெயரை எழுதுவார். நிலக்கீழ் அறையில் வாடகைக்கு இருக்கும் இரு இளைஞரை எழுதினால் மாநகரசபை வந்துவிடுமோ என்று விட்டுவிடுவார். ஊரிலிருந்து வந்து நிரந்தரமாகத் தங்கிவிட்ட அம்மம்மாவை விருந்தாளி என்று கருதுவார். மார்ச் மாதத்தில் பிறந்த குழந்தைக்கு இன்னும் பத்திரங்கள் வரவில்லையே என்று தயங்குவார். வேறு மாநிலத்துப் பல்கலைக்கழக விடுதியில் இருக்கும் மகளை மட்டும் மறவாமல் எழுதிவிடுவார். அவளோ விடுதியின் கணக்கில் ஏற்கெனவே எண்ணப்பட்டிருப்பாள்.

அடுத்த கணக்கெடுப்பின் அடிப்படை நாள் 2030 ஏப்ரல் 1. நியூயோர்க் மேலும் ஓர் ஆசனத்தையோ இரண்டையோ இழக்கக்கூடும் என்று கணிப்புகள் கூறிவருகின்றன. அன்று படிவத்தைக் கையில் எடுப்பது பெரும்பாலும் ஆங்கிலம் நன்கறிந்த பிள்ளைகளாகவே இருக்கும். கீழறையில் இருக்கும் அண்ணாவின் பெயரையும் பிறந்த நாளையும் கேட்டு எழுதவேண்டியவர்கள் அவர்களே.